காருக்கும் கூடாரத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம்?



நான் அம்பாசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்டு, கணவரின் வேலை காரணமாகப் பத்து வருடத்துக்கு மேலாக அமெரிக்காவில் கலிபோர்னியாவில் குடியிருப்பவள். ஒரு பெண், ஒரு பையன். இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதுவதை என் அம்மா வாராவாரம் போனில் படித்துக் காட்டுவாள். போன வாரம் படித்து முடித்துவிட்டு, "காசு கொடுத்துக் காட்டுல போய்ப் படுத்துட்டு வர்றியே, அந்தக் கூத்தை நீயும் எழுதேன்" என்றாள். அதுதான் இந்தக் கடிதம்.

வேடிக்கையாகச் சொன்னாலும், இதில் என் பையனை ஒரு ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு நடுங்கிய கதையும் இருக்கிறது. இங்கே உள்ள நம் பெண்கள் பலர் சின்னக் குழந்தைகளோடு கேம்பிங் போகிறார்கள். லீவுக்கு மகன், மகள் வீட்டுக்கு வரும் பாட்டிகளையும் கூட்டிப் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது இது உபயோகப்பட்டால் சந்தோஷம்.

இங்கே கேம்பிங் இடங்களில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, காரை நிறுத்திய இடத்திலேயே கூடாரம் போடுவது. இன்னொன்று, காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு, சாப்பாடு, படுக்கை, துணிமணி எல்லாவற்றையும் முதுகில் சுமந்து நடந்துபோய்த் தங்குவது. முதலில் நாங்கள் முதல் வகைக்குத்தான் போனோம். பக்கத்து இடத்தில் நடுராத்திரி வரைக்கும் பாட்டு, சிரிப்பு, கார்க் கதவு அடிக்கிற சத்தம். விடிந்ததும் என் சின்னவன், ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வண்டிக்குப் பின்னால் பந்தை எடுக்க ஓடினான். நல்லவேளை, அந்த மனிதர் பார்த்துவிட்டார். அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனிமேல் கார் வராத இடம்தான் என்று. முடிவு சரிதான். இடத்தைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு பண்ணினேன்.

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே பாயின்ட் ரேய்ஸ் என்று ஒரு தேசியக் கடற்கரைப் பூங்கா இருக்கிறது. காடு, புல்வெளி, குன்று, கடல் எல்லாம் ஒரே இடத்தில். அங்கே நடந்துபோய்த் தங்குகிற கேம்ப் நான்கு. ஸ்கை கேம்ப், கோஸ்ட் கேம்ப், க்ளென் கேம்ப், வைல்ட்கேட் கேம்ப். நான்கிலும் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், சாப்பிட மேஜை, சாப்பாட்டைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி உண்டு. முன்பதிவு செய்து, அனுமதிச் சீட்டோடு போக வேண்டும். ஓர் இடத்தில் ஆறு பேர் வரை தங்கலாம்.

2022 ஜூன் மாதம். பெரியவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. நான் படத்தைப் பார்த்து வைல்ட்கேட் கேம்ப்பைப் பதிவு செய்தேன். கடலைப் பார்த்த புல்வெளி. கரையோடு ஒரு மைல் போல நடந்தால், பாறை மேலிருந்து கடற்கரை மணலிலேயே விழுகிற அலமீர் நீர்வீழ்ச்சி. தங்கும் இடங்கள் கொஞ்சம்தான், கூட்டம் இருக்காது. படத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பலோமரின் என்ற இடத்தில் காரை விட்டால் 5.5 மைல், அதாவது கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர் நடக்க வேண்டும். எங்க வீட்டுக்காரர், "ஏம்மா, மூணு வயசுப் பிள்ளை நடப்பானா?" என்று கேட்டார். "காலையிலேயே கிளம்பினா மெதுவா நடந்திடலாங்க" என்றேன்.

காலையிலேயே யார் கிளம்பினார்கள்? பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்க ஆரம்பித்தோம். வழியில் பாஸ் லேக் என்று ஒரு ஏரி, அங்கே ஒரு மணி நேரம் போயிற்று. பாதித் தூரத்திலேயே சின்னவன் உட்கார்ந்துவிட்டான். அவர் மூட்டையை முன்னால் மாட்டிக்கொண்டு, அவனை முதுகில் சுமந்தார். பெரியவள் அழவில்லை, ஆனால் பேசவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது. போய்ச் சேரும்போது மாலை ஆறரை. கடலிலிருந்து பனிமூட்டம் சுவர் மாதிரி வந்துகொண்டிருந்தது. அந்தக் கரையில் கோடைக்காலத்தில்தான் மூட்டம் அதிகம். அது அப்போது எனக்குத் தெரியாது.

ராத்திரி பத்து மணிக்குச் சின்னவனுக்கு இருமல் ஆரம்பித்தது. அவனுக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரை எடுக்க மருந்துப் பையைத் திறக்கிறேன், அது இல்லை! காரில், முன் சீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது. கார் 9 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. செல்போனில் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது.

அந்த நிமிஷம் எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றால், இருட்டு, மூட்டம், கடல் பக்கம் செங்குத்துச் சரிவு, கூட அசந்து தூங்குகிற பெண் குழந்தை. கடைசியில் அவர் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். நான் சின்னவனை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இழுப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து இடத்திலிருந்து வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். அவர்களிடம் மருந்து இல்லை. ஆனால் லாந்தரை எங்கள் மேஜை மேல் வைத்து, வெந்நீர் போட்டுக் கொடுத்து, விடியும் வரை அந்த அம்மா என் பக்கத்திலேயே இருந்தார். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அவர் இன்ஹேலரோடு திரும்பும்போது மணி நாலரை. போக வர 18 கிலோமீட்டர், அதுவும் ராத்திரியில். மருந்து போட்ட பத்து நிமிஷத்தில் பிள்ளை தூங்கினான். ஊர் திரும்பியதும் டாக்டரிடம் நல்ல திட்டு வாங்கினேன். மருந்து எப்போதும் தாயின் உடம்போடு இருக்க வேண்டும், மூட்டையில்கூட இல்லை என்றார். அன்றிலிருந்து இடுப்புப் பையில்தான் வைத்திருக்கிறேன்.

மறதி என்னுடையது. அதை யார் மேலும் போட முடியாது. ஆனால் யோசித்துப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. மருந்து கையில் இருந்து அது கேட்காமல் போயிருந்தால்? காலில் அடிபட்டிருந்தால்? நான் இடம் தேடியபோது, 'அங்கே போய்ச் சேர முடியுமா' என்று மட்டும்தான் பார்த்தேன். 'தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டில், எவ்வளவு நேரத்தில் காருக்குத் திரும்ப முடியும்' என்று பார்க்கவில்லை.

இப்போது என் கணக்கு அதுதான். குழந்தைக்கு ஐந்தாறு வயது ஆகும் வரை, பெரியவர்கள் பிள்ளையைச் சுமந்து ஒரு மணி நேரம், போனால் போகிறது ஒன்றரை மணி நேரத்தில் காருக்கு வந்துவிடுகிற இடம் மட்டும்தான். அதற்கு மேல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அடுத்த வருடம் என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். ராத்திரிக் கதையைப் பெரியவள் ஆச்சியிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று நான் அடுப்படியில் நின்றேன். அத்தை திட்டவில்லை. "அதுக்காகப் போகாம இருக்க முடியுமா? நாங்க ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயில்ல குடில் போட்டு, பிள்ளைகளோட நாள் கணக்கா தங்கியிருக்கோம்லா. காட்டுல தங்கத் தெரியணும், அவ்வளவுதான். என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்தத் தடவை படம் பார்க்கவில்லை, மேப்பை விரித்து வைத்துக்கொண்டோம். வைல்ட்கேட்டை முதலிலேயே அடித்தாயிற்று. க்ளென் கேம்ப் 4.6 மைல், அதுவும் வேண்டாம். மிச்சம் இரண்டு. ஸ்கை கேம்ப் 1.4 மைல்தான், இரண்டே கால் கிலோமீட்டர். நான்கில் இதுதான் கிட்டத்தில். ஆனால் போகும்போது ஏற்றம், கேம்ப் கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் அடி உயரத்தில். மூட்டமும் காற்றும் அடித்தால் வீசிங் பிள்ளைக்கு ஆகாது என்று நான் பயந்தேன். கைக்குழந்தையைச் சுமந்து போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். போகும்போது ஏற்றம் என்றால் திரும்பும்போது இறக்கம். அவசரத்தில் அது பெரிய உபகாரம்.

நாங்கள் எடுத்தது கோஸ்ட் கேம்ப். இதற்கு இரண்டு வழி. குன்று ஏறி இறங்கினால் 1.8 மைல். பள்ளத்தாக்கில் ஓடையை ஒட்டிப் போய், கடற்கரைப் பக்கம் திரும்பி நடந்தால் 2.7 மைல், அதாவது நாலே கால் கிலோமீட்டர். ஆனால் கிட்டத்தட்ட சமதரை. சைக்கிள் விடுகிற அளவுக்கு அகலமான பாதை. ஆச்சியும் பேரனும் கைகோத்து நடக்கலாம். தூரம் கூடினாலும் நான் சமதரையைத்தான் எடுப்பேன். குழந்தைக்கும் முட்டி வலிக்காரருக்கும் மைல் கணக்கை விட மேடு பள்ளம்தான் கணக்கு. முன்பதிவு செய்கிற இடத்தில் தூரத்தைத்தான் பெரிசாகப் போட்டிருப்பார்கள். மேடு பள்ளத்தை நாம்தான் மேப்பில் தேடிப் பார்க்க வேண்டும்.

இரண்டு வழி இருப்பது இன்னொன்றுக்கும் நல்லது. இதே பூங்காவில் 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து சுமார் 5000 ஏக்கர் காடு எரிந்தது. ஒரே பாதை உள்ள கேம்ப்பில் அந்தப் பக்கம் நெருப்போ, விழுந்த மரமோ இருந்தால் என்ன செய்வது? கிளம்பும் அன்று காலை பூங்கா அலுவலகத்தில் பாதை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2023 செப்டம்பரில் போனோம். அந்தக் கரையில் வெயில் தெளிவாக அடிப்பது செப்டம்பர், அக்டோபரில்தான். நாலு வயதுக்காரன் முழு தூரமும் நடந்தான், இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அத்தை எங்களுக்கெல்லாம் முன்னால்! எல்லோரும் பேசிக்கொண்டே நடந்தோம். அங்கே மலைச் சிங்கம் உண்டு, குழந்தைகள் தனியாக முன்னால் ஓடக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தோம். பயமுறுத்தவில்லை, ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடிக்கச் சொல்வதில்லையா, அது மாதிரிதான்.

பாதை ஓரத்தில் 'பாய்சன் ஓக்' என்ற செடி மண்டிக் கிடக்கும். மூன்று மூன்றாக இலை இருக்கும். பட்டால் நாள் கணக்கில் அரிப்பும் கொப்புளமும். அத்தையிடம் காட்டினேன். "நம்ம சேராங்கொட்டை மாதிரியா?" என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நிஜமாகவே இரண்டும் ஒரே குடும்பமாம்! மாமரமும் முந்திரியும்கூட அந்தக் குடும்பம்தானாம். குழந்தைகளுக்கு முழுக்கால் பேன்ட் போட்டு, அதை சாக்ஸுக்குள் சொருகிவிடுங்கள். உண்ணிக்கும் அதுதான் காபந்து. ராத்திரி படுக்கும் முன் காது மடல் பின்னால், தலைமுடி ஓரம், அக்குள் எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பெரியவள் சிணுங்குவாள், நான் விடமாட்டேன்.

கேம்ப்புக்குப் போனதும் நான் கூடாரத்தை நல்ல புல் இருந்த இடத்தில் விரித்தேன். அத்தை கையைக் காட்டி, "அது பள்ளம்லா. மழை பெஞ்சா தண்ணி எங்கன ஓடும்னு பாரு. தலைமாடு மேட்டுல இருக்கட்டும்" என்றார்கள். காரையாற்றில் மேலே மலையில் மழை பெய்தால் கீழே ஆற்றில் சொல்லாமல் தண்ணீர் வந்துவிடுமாம். அதனால் ஆற்றை ஒட்டிக் குடில் போடுகிறவர்களைப் பெரியவர்கள் சத்தம் போட்டு எழுப்பி விடுவார்களாம். மழைக்கு அறிகுறியே இல்லை. இருந்தாலும் மாற்றிப் போட்டோம். ராத்திரி புல்லில் இறங்கிய ஈரமெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கியிருந்தது.

கேம்ப்பில் பெரிய யூகலிப்டஸ் மரம் ஒன்று தனியாக நிற்கிறது. அதைக் குழந்தைகளிடம் காட்டி, "வழி தெரியலைன்னா அங்கேயே நில்லு, பக்கத்துல இருக்கிற மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்க, விசில் ஊது. நாங்க வருவோம்" என்று சொல்லிக்கொடுத்தோம். இது என் யோசனை இல்லை. 1981-ல் சான் டியகோ பக்கம் பலோமர் மலையில் கேம்ப்புக்கு வந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழி தவறி, தேடியும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு இங்கே குழந்தைகளுக்கு 'மரத்தைக் கட்டிப் பிடி' என்றே ஒரு பாடம் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். நடந்துகொண்டே இருக்கும் குழந்தையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆளுக்கொரு விசில் கழுத்தில் மாட்டிவிட்டேன். என்ன, முதல் ஒரு மணி நேரம் விசில் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் பாவம்.

கடலைப் பற்றி ஒரு வார்த்தை. கேம்ப்பிலிருந்து மணலுக்குக் கொஞ்ச நடைதான், அதனால் குழந்தைகளைத் தனியே விடவே முடியாது. இந்தக் கடல் மெரினா மாதிரி கால் நனைக்கிற கடல் இல்லை. தண்ணீர் சில்லென்று இருக்கும். பத்து அலை சாதுவாக வந்து, பதினோராவது அலை ஆளை இழுத்துக்கொண்டு போகும். கடலுக்கு முதுகைக் காட்டி உட்காரக்கூடாது. கரையோரச் சரிவும் உதிருகிற மண்தான், மேலேயும் நிற்கக்கூடாது, அடியிலும் உட்காரக்கூடாது. 2015 மார்ச்சில் இதே பூங்காவில் ஆர்ச் ராக் என்ற பாறை இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். தண்ணீருக்கு நான் பயப்படுகிற அளவு புலிக்குக்கூடப் பயப்பட மாட்டேன். நடக்கிற வயதுக் குழந்தை இருந்தால், ஏரி, ஓடை, சரிவு இதெல்லாம் கூடாரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று முதலில் கேளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரை விட, நடந்து போய்ப் பார்க்கிற தண்ணீர்தான் தாய்க்கு நிம்மதி.

சாப்பாட்டுக்கு முதல் நாள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும், மறுநாள் சப்பாத்தி, தக்காளித் தொக்கு. கேம்ப்பில் விறகு மூட்டக்கூடாது, கரி அடுப்பு உண்டு. நாங்கள் சின்ன கேஸ் ஸ்டவ்வில் வெந்நீர் மட்டும் போட்டோம். குழாய்த் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தேன். எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ரக்கூன் என்ற பிராணி, நம்மூர்க் குரங்கு தோற்றுவிடும். பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வெளியே மறந்துவிட்டோம், காலையில் கவர் மட்டும்தான் இருந்தது.

ஒதுக்குப்புறம் வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு ஒன்று. நான் முதலில் 'யாருமே இல்லாத இடம்' என்று தேடினேன். அந்த லாந்தர் வெளிச்சத்துக்குப் பிறகு அப்படித் தேடுவதில்லை. கோஸ்ட் கேம்ப்பில் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு இடம் உண்டு. வார இறுதி என்றால் நிரம்பிவிடும். நாங்கள் செவ்வாய்க்கிழமை போனோம், நான்கைந்து கூடாரம்தான். பேச்சுக்குரல் கேட்காத தூரம், ஆனால் கூப்பிட்டால் கேட்கிற தூரம். பெரியவளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டு நாள் போயிற்று, டீச்சரிடம் உண்மையைச் சொல்லித்தான் லீவு வாங்கினோம்.

ராத்திரி ஒரு மணிக்குச் சின்னவன் இருமினான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்புப் பையில் கை வைத்தேன், இன்ஹேலர் இருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து ஷூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு இருமல்தான், புரண்டு ஆச்சி மேல் காலைப் போட்டுத் தூங்கிவிட்டான். அப்புறம் வெகுநேரம் நான் கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அத்தையும் தூங்கவில்லை போல. "காரையாத்துலயும் இப்படித்தான் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார்கள்.

அடுத்த லீவுக்கு அத்தை மறுபடியும் வருகிறார்கள். பெரியவளுக்கு அந்த நீர்வீழ்ச்சி ஆசை இன்னும் விடவில்லை, "வைல்ட்கேட் போலாம்மா" என்று நச்சரிக்கிறாள். தம்பிக்குப் பத்து வயசாகட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி,
பிரீமாண்ட், கலிபோர்னியா.